முனியப்பனுக்கு ஒரு டைனோசர்

"சிலோன் படிப்பு இங்க செல்லுங்களா?"

ஏரியூருக்குப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று தலைமையாசிரியர் கேட்ட கேள்வி இது. எனக்குக் கிடைத்திருப்பது ஒரு வருடத் தற்காலிக வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான்; எஸ்.எஸ்.சி. தேறியவள். "செல்லும் சார்" என்று நிமிர்ந்து சொன்னேன். சொன்ன கையோடு பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் காம்பராவுக்கு வாங்க" என்றேன். அவர்கள் வாய்க்காலுக்கு ஓடினார்கள். முகம் கழுவி, தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரி, வரிசையாக வந்து நின்றார்கள். கேமராவில் படம் எடுக்கப் போகிறேனாம்! சிலோன் தேயிலைத் தோட்டத்தில் அறையைக் காம்பரா என்போம் என்பது, இந்தக் கடிதத்தைப் படிக்கும், இன்னும் அங்கே லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். இங்கே யாருக்குத் தெரியும்?

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒழுகும் தகரத்தின் கீழ் உட்கார்ந்து, மாஸ்டர் சொல்லித்தான் டைனோசரைப் பற்றிக் கேட்டேன். படம்கூடக் கிடையாது. அங்கே மண் மழையோடு கரைந்து ஓடிவிடும். இங்கே ஏரிக் களிமண்ணோ பிடித்த கையை விடுவதில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பித்துப் பிடித்தது. மூன்றாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் இறங்கிவிட்டேன். உள்ளே கேழ்வரகுத் தாள், மேலே களிமண், கண்ணுக்குப் புளியங்கொட்டை. நீளக் கழுத்து மட்டும் நிற்கவே இல்லை.

"டீச்சர், மறுபடியும் வுழுந்துருச்சுங்க!"

"மூங்கில் குச்சி சொருகுங்கடா."

"இது ஒடக்கான்தானுங்களே? ஒடக்கானுக்கு எதுக்குங்க எருமை வயிறு?" என்றாள் பச்சையம்மா. ஓணானுக்கு இங்கே ஒடக்கான் என்று பெயர். வயிறு முட்டச் சிரித்தோம். சனிக்கிழமை சாயங்காலம் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு டைனோசர் எழுந்து நின்றது.

திங்கட்கிழமை பள்ளி இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. காலையில் போய்ப் பார்த்தால், டைனோசரின் நெற்றியில் மஞ்சள், குங்குமம். கழுத்தில் எலுமிச்சை மாலை. காலடியில் கற்பூரக் கரி. இந்தப் பக்கம் முனியப்பனுக்கு மண் குதிரை செய்து வைப்பது வழக்கம். பள்ளிக்குப் பக்கத்து வீட்டு மாதம்மாள் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. "உங்க வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு. பொட்டை அழிங்கம்மா!"

"சாமி வாகனத்து மேல யாருங்க கை வெக்கறது?" மாதம்மாள் குறுக்கே வந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் சைக்கிளைவிட்டு இறங்கினார். "என்னது இது?"

பச்சையம்மாதான் முன்னால் வந்தாள். "டைனோசருங்க சார். தழைதான் திங்கும். மனுசங்க வர்றதுக்கு ரொம்ப முந்தியே செத்துப்போச்சுங்க."

"செத்துப்போச்சா?" மாதம்மாள் வாயைப் பிளந்தாள். "காணாமப் போன என் எருமை நேத்துத் திரும்பி வந்துருச்சே!"

இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு பிள்ளைகளிடம் அரைமணி நேரம் கேள்வி கேட்டார். ஒருவரும் தடுமாறவில்லை. புறப்படும்போது என்னிடம், "உன் சிலோன் படிப்பு செல்லும்மா. ஆனா ட்ரெயினிங் இல்லாம வேலை நிலைக்காது. உடனே விண்ணப்பம் போடு" என்றார்.

விண்ணப்பத்தில் "சொந்த ஊர்" என்ற இடத்தில் பேனா நின்றது. கட்டம் ஒரு பெயருக்குத்தான் போதும். எழுத்தைப் பொடியாக்கித் தோட்டத்தின் பெயரையும் இந்த ஊரின் பெயரையும் நெருக்கி எழுதினேன். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போயிற்று. அடிக்கவில்லை. அப்படியே உறையிலிட்டு நேற்று ஏரியூர்த் தபாலாபீசில் சேர்த்துவிட்டேன்.