கழனித் தண்ணி நிறத்தில் ஒரு பை

தாட்சாயணியிடம் மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பு கிடையாது. புத்தலப்பட்டில் எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள். அவள் பாலில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அடுத்தவர் பாலில் இருந்தாலோ, தெருவே கூடும்படி கத்துவாள். மகள் யாமினிக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது குறைந்ததிலிருந்து, மாடுகளைக் கணவனிடம் விட்டுவிட்டு, திருப்பதியில் எங்கள் ஆஸ்பத்திரியே கதியென்று கிடக்கிறாள்.

நான் அங்கே ரத்த வங்கியில் டெக்னீஷியன். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் யாமினிக்கு அடிக்கடி ஏற்ற வேண்டும். ஏற்றினால் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, குழந்தை அலறுவாள். குற்றம் பிளேட்லெட்டில் இல்லை, அது மிதக்கிற மஞ்சள் பிளாஸ்மாவில்தான் என்றார் டாக்டர். அதனால் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, பிளேட்லெட் சாகாமலிருக்கத் தேவையான உப்புகள் சேர்ந்த வேறு திரவத்தில் மிதக்கவிட்டேன்.

பையை வாங்க ஜன்னலுக்கு வந்த தாட்சாயணி கையை நீட்டவே இல்லை.

“இன்னா மேடம் இது? எப்பவும் மஞ்சளா இருக்கும். இது எருமைக்கு வைக்கற கழனித் தண்ணியாட்டம் கீது. புள்ளைக்கு ஏத்தறதுலயுமா தண்ணி கலப்பீங்க? வத்து, வத்து! இது வேணாம், நான் உட மாட்டேன்!”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாடியில் யாமினியின் ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. திரவம் மாற்றிய பிளேட்லெட்டோ அதிக நேரம் தாங்காது. இவள் என்னைக் கலப்படக்காரி என்கிறாள்!

“கத்தாதம்மா. இங்க பாரு” என்று பையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து மெல்லச் சாய்த்தேன். உள்ளே பட்டுப்போல் அலை அலையாக மினுமினுத்தது. “நல்லா இருந்தாதான் இப்படிச் சுழலும். கெட்டுப்போனா இந்த அலை வராது.”

“எங்க, இன்னொரு வாட்டி ஆட்டு.” ஆட்டினேன். “நெஜமா உயிரா கீதா?”

“கீதும்மா. என் புள்ளையா இருந்தாலும் இதைத்தான் குடுப்பேன்.”

“அவளுக்கு எதுனா ஆச்சு, உன்னச் சும்மா உட மாட்டேன்!” வாங்கிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தாள். “மேடம்! யாமினி அழவே மாட்டேங்குறா! கூப்பிட்டாலும் கண்ணு தொறக்கல!”

மாடிக்கு ஓடினேன். நர்ஸ் உதட்டில் விரல் வைத்தாள். பை முக்கால்வாசி ஏறியிருந்தது. தோலில் ஒரு தடிப்பு இல்லை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

“தூங்குறாம்மா” என்றேன்.

“ஏறிக்கினு இருக்கும்போதேவா?”

தாட்சாயணி கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள். குழந்தை விழித்துவிடக் கூடாதென்று, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.