உதுமாலெவ்வைப் போடியாரின் தொழில்

சாய்ந்தமருதில் முப்பத்திரண்டு வருடம் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்தவர் அச்சிமுகம்மது. தாம் எழுதிய ஒரு வரிகூடப் பிழையென்று திரும்பி வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. 1994இல் அவருக்கு வேறொரு வேலை வந்து சேர்ந்தது. அவருடைய வம்சமான குடியின் சார்பில் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்த மரைக்கார் மௌத்தாகி அடக்கமானதும், அந்த இடத்துக்கு அச்சிமுகம்மதுவின் மூத்த சகோதரி சுபைறாவின் மகன் ஸஹீதின் பெயர் அடிபட்டது. தெரிவுக்கு முன்பு, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, குடியின் வரலாற்றை அவர் ஒரு பக்கத்தில் எழுதி வாசிக்க வேண்டும்.

பூட்டனார் உதுமாலெவ்வை பெரிய போடியார், மாவடிப்பள்ளிப் பக்கம் கண்ணுக்கெட்டும் வரை வயல் வைத்திருந்தவர் என்பது வீட்டுக்கதை. சரிபார்க்காமல் எழுத அச்சிமுகம்மதுவுக்குக் கை வராது. பழைய ஊர்த்தலைமைக்காரர் வீட்டில் கிடந்த 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் கைப்பிரதியை இரவல் வாங்கி வந்தார்.

உதுமாலெவ்வை, ஆண், வயது 52. தொழில்: பிள்ளைப்பேறு பார்த்தல்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்துப் பார்த்தார். அடுத்த வரியில் மனைவி பாத்தும்மா, தொழில்: இல்லை. பக்கம் முழுக்கப் பெண்களுக்கு ‘இல்லை’தான். வரி மாறியதாகவும் தெரியவில்லை. மூன்று நாள் தாள் வெறுமையாகவே கிடந்தது.

புதன்கிழமை சுபைறா வந்தார். விசயத்தைக் கேட்டதும் சிரிப்பை அடக்க முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“தாடியும் வெச்சிக்கிட்டு புள்ள எடுக்கப் போனவராமா? அல்லாஹ்! பேசாம போடியார் எண்டு எழுதிட்டுப் போ தம்பி. ஸஹீதப் பள்ளிக்குள்ள கேலி பண்ணவா?”

“இல்லாதத எப்பிடி ராத்தா எழுதுற?”

“அவர் எங்க புள்ள எடுத்த? எடுத்தது பாத்தும்மா. ஊரில பாதிப்பேர் அவட கையில விழுந்த ஆக்கள்தான் எண்டு உம்மா சொல்லுவா. இவர் வாசல் கடப்படியில குந்தி வெத்தில போட்டவர்.”

அச்சிமுகம்மதுவுக்கு இப்போது விளங்கியது. அன்று கணக்கெடுக்க வந்த தலைமைக்காரர் கடப்படியில் நின்று, இந்த வீட்டில் என்ன தொழில் என்று கேட்டிருப்பார். உதுமாலெவ்வை உண்மையைச் சொல்லியிருப்பார். அது ஆணின் வரியில் ஏறிவிட்டது. 1963இல் மருதமுனையில் கணக்கெடுக்கப் போன அச்சிமுகம்மதுவும் அப்படித்தான் நின்றார். உள்ளே பெண்கள் தறி அடிக்கும் சத்தம் கேட்கக் கேட்க, நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் அவர்களுக்கு ‘இல்லை’ என்று நிரப்பினார்.

“குடி உம்மாவழிதானே வாற? நீ ஏன் அந்த மனுசன்ட தொழிலத் தேடி அலையிறாய்?” என்றார் சுபைறா.

“அப்ப பாத்தும்மாவ முதல் எழுதட்டா? மருத்துவிச்சி எண்டு?”

சுபைறாவின் முகம் சற்று வாடியது. மகனின் காரியம்.

“எழுது,” என்றார் கடைசியில். “சிரிக்கிறவன்ட மூத்தம்மாவையும் அவதான் எடுத்திருப்பா.”

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அச்சிமுகம்மது வாசித்தார்: “குடியின் மூத்தவர் பாத்தும்மா. தொழில், மருத்துவிச்சி. ஆதாரம், சுபைறாவின் வாய்மொழி. கணவர் உதுமாலெவ்வை. அவருடைய தொழில் தெரியவில்லை.”

ஏழு பேர் சிரித்தார்கள். ஸஹீதின் காது சிவந்தது.

“மாமா, அந்த வரிய இன்னொருக்கா வாசிங்க,” என்றார் அவர்.

அச்சிமுகம்மது இன்னும் சத்தமாக வாசித்தார். இந்தத் தடவை இரண்டு பேர்தான் சிரித்தார்கள். ஸஹீத் மரைக்காராகத் தெரிவாக இன்னும் மூன்று வெள்ளிக்கிழமைகள் பிடித்தன.