கெட்டிமேளமும் ஒரு லட்ச ரூபாய் லென்ஸும்

போன வருஷம் புரட்டாசிக்கும் தைக்கும் நடுவில் எங்கள் வீட்டில் அண்ணாமலையார் பெயருக்கு அடுத்தபடியாக அதிகம் சொல்லப்பட்ட பெயர் லென்ஸ். சில நாள் அண்ணாமலையாரே இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டார். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. என் மனைவி எடுத்துக்கொண்டாள்.

நான் எட்டாவது வரை படித்தவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று வண்டி ஓடுகிறது. காலையில் குளித்து நெற்றி நிறைய விபூதி பூசாமல் ஷட்டரைத் தூக்க மாட்டேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுவேன். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிற்பாடு நடந்ததற்கு இதுதான் காரணம் என்பதால் சொல்கிறேன்.

செங்கம் ரோட்டுப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டு மலையைப் படம் எடுப்பார்கள். மலை எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. உலகம் தோன்றிய நாளிலிருந்து அதே இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு அவ்வளவு வேகமான லென்ஸ். தாலி கட்டுகிற இரண்டு விநாடியைப் பிடிக்க வேண்டிய எனக்கோ பத்து வருஷத்துப் பழைய லென்ஸ். கல்யாண மேடையில் சொந்தக்காரர்களும் வீடியோக்காரர்களும் ஏறி நின்றுகொள்வார்கள். நான் கீழே நாற்காலிகளுக்கு நடுவில் நின்றபடி, தூரத்திலிருக்கும் முகத்தைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் அந்த லென்ஸை நம்பித்தான் பிழைக்கிறேன்.

ஆவணியில் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலைதான்) போடுகிற விவசாயி. புரட்டாசியில் ஆல்பத்துக்குப் படம் பொறுக்க ஸ்டூடியோவுக்கு வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதுல தாலி மாப்ள கையில இருக்குது. அடுத்ததுல பொண்ணு கழுத்துல இருக்குது. நடுவுல இன்னா ஆச்சு?"

நடுவில் ஒன்றும் இல்லை. எனக்கு அது கல்யாணத்தன்று சாயங்காலமே தெரியும்.

"லென்ஸு போகஸ் தேடிக்கினே நின்னுடுச்சுங்க. பழசுங்க அது," என்றேன். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று மனசார நம்பியிருந்தேன்.

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கத்தவில்லை. "எங்க பம்புசெட்டும் அப்டிதான். தண்ணி வேணும்ன்ற நேரத்துலதான் நிக்கும்," என்றார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தை மாசம் சின்னவளுக்கு வெச்சிருக்கோம். அதுக்கும் நீங்கதான் வரணும். லென்ஸ மாத்திக்கினு வாங்க. தாலி கட்ற போட்டோ ஒண்ணு எனக்கு வேணும். மத்தது எதுவும் இல்லன்னாகூட கேக்க மாட்டேன்," என்றார்.

ஒரு மகளுக்கு இல்லாமல் போனது இரண்டாவது மகளுக்கும் இல்லாமல் போனால் அந்த வீட்டு வாசலை நான் எப்படி மிதிப்பேன்? மறுநாளே பாய் கடைக்குப் போனேன்.

பாய் குடும்பம் நாலு தலைமுறையாக இந்த ஊரில் கடை வைத்திருக்கிறது. முதலில் கைக்கடிகாரம், பிறகு ரேடியோ, இப்போது கேமரா. என் நெற்றியைப் பார்த்துவிட்டு என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

"வா சாமி. இத கையில புடிச்சி பாரு," என்று புதிய லென்ஸை எடுத்து நீட்டினார். என் லென்ஸின் தம்பி மாதிரி இருந்தது, ஆனால் இளைத்த தம்பி. "இருட்டு மண்டபமா இருந்தாலும் தேடவே தேடாது. டக்குனு மூஞ்சில போய் உக்காந்துக்கும். கை ஆடினாகூட படம் ஆடாது. வெயிட்டும் கம்மி."

"வெல?"

"வெல மட்டும் ஜாஸ்தி. உன் பழச குடுத்துட்டு, மேல ஒரு லட்சத்து பத்தாயிரம்."

எடை குறைந்தால் விலை ஏறுகிற பொருளை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அரிசிக் கடைக்காரர்கள் இதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

வீட்டில் அந்த அளவுக்குப் பணம் இருந்தது. வேங்கிக்காலில் வாங்கிப்போட்ட மனைக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப வைத்திருந்த பணம். அதுவரை அந்த மனையை அக்கம்பக்கத்து எருமைகள்தான் அனுபவித்துக்கொண்டிருந்தன. அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது என்று முதலில் ஆராய்ச்சியில் இறங்கினேன். யூடியூபில் ஒரு தம்பி பழைய லென்ஸால் ஒரு செங்கல் சுவரைப் படம் எடுத்தார். பிறகு புதிய லென்ஸால் அதே சுவரை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூலையில் இருக்கிற செங்கல்லைப் பெரிதாக்கி, "வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எட்டாவது படித்தவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாலாவது நாள் தெரிகிற மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் எனக்கு வித்தியாசத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு என் மனைவி பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு வாரமா செவுத்த பாத்துக்கினு இருக்கீங்களே. அந்த செங்கல்ல எடுத்தாந்தா நம்ம மனைக்கு நாலு பக்கமும் செவுரு எழுப்பியிருக்கலாம்."

"உனக்கு தொழில் தெரியாது."

"செவுரு தெரியும். எரும தெரியும்."

அவளிடம் பேசிப் பயனில்லை என்பதால் சாமியிடம் பேச முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் பெண் பார்ப்பதோ மனை வாங்குவதோ, எது என்றாலும் பூப் போட்டுப் பார்க்காமல் செய்வதில்லை. சிவப்பு அரளியை ஓர் இலையிலும் வெள்ளை நந்தியாவட்டையை ஓர் இலையிலும் மடித்துச் சாமி காலடியில் போட்டுவிட்டு, விவரம் தெரியாத ஒருவரை எடுக்கச் சொல்வது வழக்கம். தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் போட்டேன். சிவப்பு வந்தால் புதிய லென்ஸ், வெள்ளை வந்தால் பழையதே போதும். வாசலில் பூ விற்கிற அம்மாவை எடுக்கச் சொன்னேன்.

வெள்ளை வந்தது.

பொட்டலத்தைச் சரியாக மடிக்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். இன்னொரு தரம் மடித்தேன். வெள்ளை. கோயில் மணியடித்த நேரத்தில் எடுத்ததால் கணக்கில்லை என்று தோன்றியது.

பூக்கார அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "இன்னா கேக்கற சாமிகிட்ட? பதில் வந்துச்சில்ல? மூணாவது தரம்னா புதுசா பூ வாங்கு. நானும் பொழைக்கணும்."

வாங்கினேன். மூன்றாவது தரம் சிவப்பு வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிள்ளையார் ஒருவழியாக என் முடிவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள், எனக்காக. "பாய்கிட்ட ஒரு ரூபா கொறைக்க தெரியல. புள்ளையாரு கிட்ட மட்டும் பேரம் பேசி படிய வெச்சிட்டு வந்திருக்கீங்க."

அவளை நம்பவைக்க ஒரே வழி, லென்ஸ் எப்படி என் கழுத்தை அறுத்தது என்பதைக் கண்ணால் காட்டுவது. அதே கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவரிடம் கேட்டு, தாலி கட்டுகிற பகுதியை மட்டும் பென்டிரைவில் வாங்கி வந்தேன். மண்டபம் எவ்வளவு இருட்டு, எவ்வளவு கூட்டம் என்று அவள் பார்க்கட்டும். பார்த்தால் அவளே பணத்தை எடுத்துக் கொடுப்பாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் டிவியில் போட்டேன்.

ஐயர் மந்திரம் சொல்கிறார். தட்டிலிருந்து தாலியை எடுக்கிறார்கள். வீடியோக்காரர் மேடைமேல் நின்று, கூட்டத்தையும் சேர்த்துக் காட்டுகிறார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று யாரோ கத்துகிறார்கள். தவில் இடிக்கிறது. முதல் வரிசைக்குப் பின்னால், நட்டநடுவில், நெற்றி நிறைய விபூதியோடு ஒரு ஆள். கழுத்தில் கேமரா தொங்குகிறது. இரண்டு கண்ணும் மூடியிருக்கிறது. இரண்டு கையும் தலைக்குமேல் கூப்பியிருக்கிறது. உதடு எதையோ முணுமுணுக்கிறது. பிறகு கண்ணைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து அட்சதையை எடுத்து, நிதானமாகப் போடுகிறார். அதற்கும் பிறகுதான், திடீரென்று தூக்கத்திலிருந்து எழுந்தவர்போல், கேமராவைத் தூக்குகிறார். அதற்குள் நாத்தனார் மூன்றாவது முடிச்சையும் போட்டுவிட்டாள்.

என் மனைவி ரிமோட்டை வாங்கினாள். பின்னால் ஓட்டி இன்னொரு தரம் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பாய் லென்ஸு தேடாதுன்னு சொன்னாரில்ல?"

"ஆமா."

"லட்ச ரூபா குடுத்தாலும் அது கழுத்துலதான தொங்கும்?"

கெட்டிமேளம் கேட்டால் கை கூப்புவது எனக்கு அம்மா இடுப்பில் இருந்த காலத்துப் பழக்கம். கூப்புகிறேன் என்பதே எனக்குத் தெரியாது, மூச்சு விடுவது மாதிரி. எத்தனையோ கல்யாணத்தில் சரியாக எடுத்திருக்கிறேனே என்று பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். அவற்றில் தாலி கட்டுகிற படமெல்லாம் என்னோடு வந்த உதவிக்காரர் எடுத்தவை. அவர் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டபின் நடந்த முதல் பெரிய கல்யாணம் இதுதான். ஆகக் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். இதற்குப் புதிய மாடல் எந்தக் கடையிலும் வரவில்லை.

பெண்ணின் அப்பாவிடம் லென்ஸைக் குறை சொல்லியிருந்தேனே, அதுதான் உறுத்தியது. பேசாமல் புதியதை வாங்கி மாட்டிக்கொண்டு போய் நின்றால் அவருக்குத் தெரியவா போகிறது? தெரியாது. எனக்குத் தெரியும். விபூதி பூசும்போது தினமும் கண்ணாடி பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த நாள் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

களத்தில் மல்லாட்டை காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லென்ஸ்மேல் தப்பில்லை, நான்தான் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டேன், சின்னவளுக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன் என்றேன்.

அவர் காலை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கும்புடறதுக்கு நானு ஐந்நூறு பேர பத்திரிக வெச்சி கூப்ட்டேன் போட்டோகாரரே. கும்புடாம இருக்கறதுக்கு உங்க ஒருத்தரதான் காசு குடுத்து கூப்ட்டேன்."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. களம் கெட்டியாகச் சாணி மெழுகியிருந்ததால் பிளக்கவில்லை.

"மன்னிச்சிக்குங்க," என்றேன்.

"வேற ஆள வெச்சா அவன் எந்த நேரத்துல இன்னா பண்ணுவான்னு எனக்கு எப்டி தெரியும்? உங்களதான் இப்ப தெரிஞ்சி போச்சே. நீங்களே வாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா எனக்கு அந்த போட்டோ வேணும்," என்றார். சிரிக்காமல் சொன்னார்.

தை மாதம் என் மனைவியும் கூட வந்தாள். மொய் எழுத வந்த மாதிரி பட்டுப்புடவை கட்டியிருந்தாலும் அவள் வந்தது காவலுக்கு. என் சட்டைப் பையைத் தடவி, அதிலிருந்த அட்சதையை மண்டப வாசலிலேயே பிடுங்கிக்கொண்டாள். "உங்களுக்கும் சேத்து நானே போட்றேன். நீங்க கேமராலேர்ந்து கைய மட்டும் எடுக்காதீங்க," என்று எனக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

கெட்டிமேளம் என்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கை தானாக மேலே கிளம்பியது. கேமராவை இறுக்கினேன். ஐந்நூறு பேர் கை கூப்பி நிற்கிற இடத்தில் கூப்பாமல் ஒருத்தன் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்றவனுக்குத்தான் தெரியும். அண்ணாமலையாரே, கண்ணைத் திறந்துகொண்டே கும்பிடுகிறேன், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்தினேன். பழைய லென்ஸ் சும்மா இருக்குமா? அதன் பங்குக்கு நாத்தனார் வளையலுக்கு ஒருமுறை போய்விட்டுத்தான் திரும்பி வந்தது. பின்னாலிருந்து என் மனைவி போட்ட அட்சதையில் பாதி என் தலையில் விழுந்தது.

பதினோரு படம் விழுந்திருந்தது. வளையலுக்குப் போனவை போக, ஒன்றில் எல்லாம் இருந்தது. மாப்பிள்ளையின் இரண்டு கை, நடுவில் மஞ்சள் கயிறு, குனிந்த பெண்ணின் முகம், பின்னால் கண்ணைத் துடைக்கிற அவள் அப்பா.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்தவர் அந்தப் படத்தில் நிறுத்தினார். "இத பெருசா போட்டு குடுங்க. நடு வீட்ல மாட்றேன். இருவதுக்கு முப்பது இஞ்சு," என்றார்.

இங்கேதான் சிக்கல். ஆல்பத்தில் அந்தப் படம் நன்றாக இருக்கும். அவ்வளவு பெரிதாகப் போட்டால் ஓரமெல்லாம் கூர் மழுங்கித் தெரியும், இருட்டில் புள்ளி புள்ளியாக மணல் தூவும். பாய் சொன்ன லென்ஸாக இருந்திருந்தால் புருவ மயிரை எண்ணலாம். பாய் அந்த ஒரு லட்சத்தைச் சும்மா கேட்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இனிமேல் இவரிடம் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்ததால் சொல்லிவிட்டேன்.

"பெருசா போட்டா பக்கத்துல பாக்கறப்ப கொஞ்சம் மங்கலாதாங்க தெரியும்."

"பக்கத்துல போய் எவன் பாக்க போறான்? வாசப்படியாண்ட நின்னு பாத்தா எங்க பொண்ணுன்னு தெரியணும். அவ்ளோதான்."

பிரேம் போட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன். ஆணி அடிக்கிற வேலையும் எனக்கே வந்தது. ஸ்டூல்மேல் ஏறி, இரண்டு கையும் தலைக்குமேல் போக, படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வாசற்படிவரை பின்பக்கமாகவே நடந்து போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க," என்றார்.