நாற்பத்திரண்டிலேயே நின்ற எண்

சிவகாசியில் மனைவி வீட்டோடு நான் இருந்த வருடங்களில், ஐப்பசி வந்தால் எங்கள் மாடி அறையைப் பேப்பருக்கு விட்டுவிட்டு ஹாலில் படுப்போம். மனைவியின் அண்ணன் காலண்டர் அச்சகம் வைத்திருந்தார். மழைக்காலத்தில் ஈரம் குடித்தால் பேப்பரின் ஓரம் அலையலையாக எழும்பும், அச்சில் ஏறாது. அதனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாளியில் விடும் மெஷின் ஒன்றை ஏலத்தில் எடுத்து அங்கே வைத்திருந்தார். ஜன்னல் இடுக்குகளை டேப் ஒட்டி அடைத்துவிடுவோம். உள்ளே இருந்து பார்த்துக்கொள்வது என் வேலை. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

அந்த வருடம் மச்சான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "இந்த சீசன் பேப்பர் கெடாமப் பாத்துக் குடுங்க மாப்ள. பொங்கல் கழிஞ்சதும் ஆமத்தூர்ல தனி வீடு பாருங்க. சாமானை நானே ஏத்தி விடுறேன்."

மூன்றாம் நாள் அடைமழையில் மெஷின் நின்றுவிட்டது. முகப்பில் ஈரம் 42 என்று காட்டியது. ஐம்பதுக்குக் கீழே போனால் அது தானாக நிற்கும். ஆனால் மேல் தாளைத் தொட்டால் ஜில்லென்று துவண்டது. அச்சகத்து ஈரமானியைக் கொண்டுவந்து வைத்தேன். அது 78 காட்டியது.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வாளி நிரம்பி நின்றதோ என்று பார்த்தால், காலி. தூசி வலையைக் கழுவி மாட்டினேன். பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். 42. மனைவியிடம் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி, ஆவி படும்படி மெஷின் முன்னால் வைத்தேன்.

கீழேயிருந்து மச்சான் கத்தினார். "என்ன மாப்ள, வெந்நி மேல போகுது? பேப்பரைக் குளிப்பாட்டுறீகளா?"

அப்போதும் 42. ஆவி பட்டும் அசையவில்லை என்றால் சென்சார்தான். அதற்குக் காற்று போக முகப்பில் காசளவு இடத்தில் பொடித்துளைகள் உண்டு. டார்ச் அடித்தேன். ஒரு துளைகூடத் தெரியவில்லை. காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். நாலு நாள் முன்னால் ஆயுத பூஜையன்று, நெற்றி மாதிரித் தெரிந்த இடத்தில் பொட்டு வைத்தவன் நான்தான். நன்றாக அப்பியிருந்தேன்; ஈரமாக இருந்தவரை ஓடியிருக்கிறது, காய்ந்து அடைத்ததும் எண் நின்றுவிட்டது.

ஊசியால் குத்தி, பழைய பல் பிரஷால் தட்டி எடுத்தேன். எண் 55, 71 என்று ஏறியது. மெஷின் உறுமிக் கிளம்பியது. சந்தனத் தூளை வேட்டி முனையில் முடிந்துகொண்டேன்.

"என்ன கோளாறு?" என்று மச்சான் படியேறி வந்தார்.

"சென்சார்" என்றேன்.

மேலே இருந்த கொஞ்சம் தாள்கள் போக, பேப்பர் தப்பித்தது. பொங்கல் கழிந்து, சாப்பாட்டு நேரத்தில் மனைவி ஆமத்தூர் வீட்டுப் பேச்சை எடுத்தாள்.

"போயிட்டா அந்தச் சென்சாரை யாரு பாப்பாக? மெக்கானிக்கே முழிப்பான். இன்னும் ஒரு சீசன் இருங்க மாப்ள" என்றார் மச்சான்.

வெறும் சந்தனம்தான், யாரும் துடைக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். வைத்தது யார் என்று அடுத்துக் கேட்பார். "சரி மச்சான்" என்றேன். மனைவி என் முகத்தைப் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பொட்டை வாளியில் வைத்தேன்.