கல்லாகிப் போன காய்ச்சல் மாத்திரை

நடந்தது இதுதான்.

1. எங்கள் காய்ச்சல் மாத்திரைகள் மெஷினிலிருந்து விழும்போதே மேல்பக்கம் மூடி போலக் கழன்றன.
2. டிரையரில் மருந்து மாவுக் குருணை அளவுக்கு மீறிக் காய்கிறது, சூட்டைக் குறைத்தால் போதும் என்றேன்.
3. முதலாளி சூட்டைத் தொடவில்லை. மாவை ஒட்டவைக்கும் ஸ்டார்ச் கஞ்சியைக் கூட்டி, மாவு பிசையும் மிக்சரைச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஓடவிட்டார்.
4. மாத்திரை கழலவில்லை. தண்ணீரில் கரையவும் இல்லை.

முதலாளி ஆம்பூரில் தோல் பதனிடும் குடும்பத்தில் பிறந்தவர். வாணியம்பாடி சாலையில் மாத்திரைக் கம்பெனியை ஏன் ஆரம்பித்தார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். மருந்தியல் படித்த என்னை வேலைக்கு வைத்தது லைசென்சுக்காக. கெமிஸ்ட் கையெழுத்து இல்லாமல் சரக்கு வெளியே போகக் கூடாது. அந்தக் கையெழுத்துக்கு மேல் என்னிடம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை.

கஞ்சி கூடினாலும் பிசையும் நேரம் நீண்டாலும் குருணை இறுகும். இறுகிய குருணைக்குள் தண்ணீர் நுழையாது. மாத்திரை வயிற்றில் உடையாமல் அப்படியே வெளியே போய்விடும், காய்ச்சல் இருந்த இடத்தில் இருக்கும். இதை அவரிடம் எளிய தமிழில் சொன்னேன். புரியாததால் திரும்பவும் சொன்னேன்.

"தோல டிரம்ல ஜாஸ்தி சுத்தவுட்டாத்தான் மருந்து உள்ள வரைக்கும் எறங்கும். மாவுக்கு மட்டும் இன்னா தனி சட்டம்?" என்றார்.

அவருக்கென்று ஒரு தரப் பரிசோதனை இருந்தது. மாத்திரையைச் சிமெண்ட் தரையில் போடுவார். உடையாவிட்டால் பாஸ். குனிந்து எடுத்து, ஊதி, மறுபடியும் பீப்பாயில் போட்டுவிடுவார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதும்.

கையெழுத்துக்காக என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஒரு டம்ளர் தண்ணீரில் அவருடைய மாத்திரை ஒன்றைப் போட்டு மேஜையில் வைத்தேன். அவர் டீ குடித்தார். போனில் ஒரு தோல் வியாபாரியிடம் நலம் விசாரித்தார். மாத்திரை டம்ளரின் அடியில் ஓரம்கூட மழுங்காமல் கிடந்தது.

"பச்சத் தண்ணிம்மா இது. வயித்துல சூடு இருக்கும்ல?"

வெந்நீர் வரவழைத்தேன். அதிலும் அப்படியே கிடந்தது.

"அப்போ கடிச்சித் தின்னச் சொல்லிடு. இதுக்குப் போயி ஏம்மா பேஜார் பண்ற?"

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அப்படியானால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சரி சார், லைசென்சில் வேறு கெமிஸ்ட் பெயர் ஏறும்வரை மிக்சரை நிறுத்த வேண்டியிருக்கும் என்று நினைவூட்டினேன். அவர் அதை அன்றுதான் கேள்விப்பட்டார். லைசென்ஸ் அவர் தலைக்கு மேல் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மாலை போடுவாரே தவிர, படித்ததில்லை.

"சரி சரி, நாளைக்கி வந்துடு" என்றார், எனக்குச் சலுகை காட்டுவதுபோல.

இப்போது டிரையரில் சூடு குறைந்திருக்கிறது. கஞ்சி எவ்வளவு, மிக்சர் எவ்வளவு நேரம் என்பதை நான்தான் சொல்கிறேன். மாத்திரை கழல்வதில்லை, தண்ணீரில் கரைகிறது. எல்லாம் தன் யோசனை என்று வருகிறவர்களிடம் முதலாளி சொல்லிக்கொள்கிறார். கல் மாத்திரைகள் பின்பக்க ஷெட்டில் பீப்பாய்களில் இருக்கின்றன. அவற்றுக்கு நான் கையெழுத்துப் போடவில்லை.