கந்தப்பன் சொல்லாத பொய்

காந்திபுரத்தில் பிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கந்தப்பன், அதற்கு முன் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். அந்தச் சீமையில் அவனுக்குக் கிடைத்த ஒரே நல்லது தங்கேஸ்வரி. மட்டக்களப்புக்காரி. அவன் வேலைக்குப் போன அரபி வீட்டில் சமையல் செய்தாள். அவன் 'ஏனுங்க' என்று கூப்பிட்டால் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொள்வாள்.

கல்யாணம் ஊருக்குப் போய்த்தான் என்றான் கந்தப்பன். சடங்கு நடத்தி வைக்கும் அருமைக்காரர் முன்னின்று சீர் செய்தால்தான் கவுண்டர் வீட்டில் அது கல்யாணம். அந்தப் பெரியவர் இல்லாமல் நடந்தால் ஆத்தா பழனாத்தாள் மருமகள் என்று ஒப்பமாட்டாள்.

1990 ஆகஸ்டில் ஈராக் பட்டாளம் குவைத்துக்குள் புகுந்தது. பிழைக்கப் போன சனமெல்லாம் உடுத்த துணியோடு ஜோர்டானுக்கு ஓடியது. இவர்களும் ஓடினார்கள். பாலைவனக் கூடாரத்தில் குடிதண்ணீருக்கு அடிபட்டு, கடைசியில் விமான நிலையத்தில் இந்திய அதிகாரி முன்னால் போய் நின்றார்கள்.

"இவங்க உங்க சம்சாரமா? அப்படின்னா உங்ககூடவே ஏத்தி விட்டுடறேன்" என்றார் அந்த நல்ல மனுஷன்.

தங்கேஸ்வரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஓமெண்டு சொல்லுங்க. எங்கட ஊரிலயும் சண்டை. அங்க போனா நான் மிஞ்சமாட்டன்."

கந்தப்பன் என்ன சொன்னான் தெரியுமா? "இன்னும் கட்டலைங்க. ஊருக்குப் போயித்தானுங்க."

பெரிய அரிச்சந்திரன்! சீர் செய்யாத ஒருத்தியைப் பொண்டாட்டி என்று சொன்னால் அது அவளுக்கே அவமானம் என்று நினைத்தானாம். நினைக்க நல்ல இடம் பார்த்தான். அவளைக் கொழும்பு விமானத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்ததும், அவளை வரவழைக்க வேண்டுமென்று ஆத்தா காலில் விழுந்தான்.

"என்ன கூட்டம்டா அவ?" என்று கேட்டாள் பழனாத்தாள்.

அருமைக்காரரும் அதையேதான் கேட்டார். "குலங்கோத்திரம் தெரியாதவளுக்கு நான் எப்படிப்பா சீர் செய்யறது?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒருத்தி உயிரோடு இருப்பாளா மாட்டாளா என்று இவன் துடிக்கிறான். இவர்களுக்குக் கூட்டம் தெரிய வேண்டுமாம், கூட்டம்!

மறு வருஷம் அவளோடு வேலை பார்த்த ஒருத்தி சொல்லியனுப்பினாள். ஷெல் விழுந்து தங்கேஸ்வரி வீட்டோடு போய்விட்டாள்.

அழுது தீரக்கூட விடவில்லை. பழனாத்தாள் அன்னூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து, அருமைக்காரரையும் கூட்டிவந்து உட்காரவைத்தாள். அன்றைக்குத்தான் கந்தப்பன் விமான நிலையத்தில் நடந்ததை வாய்விட்டுச் சொன்னான். "உங்க முன்னால கட்டோணும்னுதானுங்க அன்னிக்கு இல்லைன்னு சொல்லிப்போட்டேன்."

அருமைக்காரர் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அட, என்ன கண்ணு நீ! உசுரு போற எடத்துல சீராவது ஒண்ணாவது? பொண்டாட்டின்னு சொல்லிக் கூட்டியாந்திருந்தா நாங்க என்ன தள்ளியா வெச்சிருப்போம்?"

கந்தப்பன் எழுந்து நின்றான்.

"தள்ளித்தானுங்க வெச்சீங்க. உசுரோட இருந்தப்பத் தள்ளி வெச்சுப்போட்டு, செத்ததுக்கப்புறம் சேத்துக்கறீங்களா?"

"பெரியவங்ககிட்டப் பேசற பேச்சாடா இது?" என்றாள் பழனாத்தாள்.