கட்டுக்கரை வாய்க்காலில் பிடுங்கிய குழை

அன்று வங்காலையிலிருந்து போனவர்கள் மூன்று பேர்: நான், என் கணவர் செபமாலை, அவருடைய தம்பி யூட். வழியில் சந்தித்தவர்கள் இரண்டு பேர்: வயல்காரி தவமணி, பக்கத்து வயல்காரர் சின்னராசா. வழிகாட்டி என்று எவரும் இல்லை. மன்னார்ச் சோறு தின்றே வளர்ந்த எனக்கு, அந்த நெல்லுக்குத் தண்ணீர் கொடுக்கும் கட்டுக்கரைக் குளத்தை ஒருநாளாவது நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. குளக்கட்டால் நடந்து, பழைய வாய்க்காலோடு இறங்கி, அடம்பனில் பஸ் பிடிப்பது திட்டம். பத்துக் கிலோமீட்டர் வரும் என்றார் கண்டக்டர். அவர் சொன்ன நேரமே எனக்கு முழங்கால் நோகத் தொடங்கிவிட்டது.

காலை எட்டு மணிக்குக் குளத்தடியில் இறங்கினோம். பஸ் ரிக்கெற் ஆளுக்கு அறுபது ரூபாய். ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். கடல் மாதிரித்தான், ஆனால் அலைச்சத்தம் இல்லை. சத்தமில்லாத தண்ணீரை எனக்கு நம்பப் பயம்.

"இஞ்சாருங்கோ, இதுக்க முதலை இருக்காம்."

"முதலை உம்மைத் தின்னாது. வாயைத் திறக்க முதலே நீர் அதுக்குப் புத்தி சொல்லிப்போடுவீர். பேசாமல் வாரும்."

ஒன்பதரைக்குப் பழைய துருசடிக்கு வந்தோம். குளத்துத் தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்கும் வாசல் அது. பெரிய பெரிய கருங்கற்கள், உளி பட்ட அடையாளம் இன்னும் அழியவில்லை. எந்த ராசா கட்டினது என்று கேட்காதீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்; பக்கத்தில் நின்ற பலகையில் எழுதியிருந்ததையோ வெயில் தின்றுவிட்டது. ஆனால் அங்கிருந்து கீழே பார்த்தால் விளங்குகிறது. ஒரு வயல், அதற்கு ஒரு சாண் கீழே அடுத்த வயல், அதற்கும் கீழே இன்னொன்று. படி என்று கண்ணுக்குத் தெரியாத படிகளில் தண்ணீர் தானாக இறங்கிப் போகிறது.

பதினொரு மணிக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. வாய்க்கால் ஓரத்தில், ஒரு வயலுக்குத் தண்ணீர் திரும்பும் மடையடியில், இலையோடு ஒரு பூவரசங் குழை குத்தி நின்றது.

"அண்ணி, இஞ்ச பாருங்கோ, இவையும் குழை போடுகினம்!" என்றான் யூட்.

எங்கள் கடலில் கணவாய் முட்டையிட வரட்டும் என்று இலைக்குழையைத் தண்ணீரில் தாழ்ப்பது வழக்கம். அந்த நினைப்பில் அவன் இறங்கினான். "பிறத்தியாற்ற சாமானைத் தொடாத தம்பி" என்று நான் சொல்லி முடிய முதல் குழை அவன் கையில். அடியில் சேறுதான் இருந்தது. அதைக் கரையில் போட்டுவிட்டு வந்தான். கொஞ்சம் தள்ளி மருத மர நிழலில் பாணும் சம்பலும் தின்றோம். மூன்று பேரும் அப்படியே கண்ணயர்ந்து போனோம்.

சத்தம் கேட்டு எழுந்தேன். கையில் கஞ்சிச் சட்டியோடு ஒரு பெண் ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள்தான் தவமணி. கீழ் வயலில் மண்வெட்டியோடு நின்றவர் சின்னராசா.

"என்ர முறை முடிய முன்னம் ஏன் அண்ணை என்ர மடையை அடைச்சனீங்கள்?"

"குழை இல்லைப் பிள்ளை. நான் வந்து பாத்துத்தானே அடைச்சனான்."

பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. தண்ணீர் முறை யாருக்கோ அவர் தன் மடையில் குழை குத்துவார். குழை எடுபட்டால் முறை முடிந்தது. அடுத்தவர் அந்த மடையை அடைத்துத் தன்னுடையதைத் திறக்கலாம். கோடைச் சிறுபோகம், குளத்தில் தண்ணீர் குறைவு, அடுத்த முறை எட்டு நாளைக்குப் பிறகு. தவமணியின் வயலில் மேல் பாதி நனைந்திருந்தது. கீழ் பாதி வெடித்துக் கிடந்தது. அவளுடைய நெல், கதிர் உள்ளே கருக்கட்டும் குடலைப் பருவம். எட்டு நாள் தாங்காது.

என் கணவர் மெல்லப் பையை எடுத்தார். "எழும்பும், பஸ் போயிடும்." எனக்கும் ஓடத்தான் மனம். மண்வெட்டி வேறு கண்ணில் பட்டது. ஆனால் யூட் எழுந்து போய்விட்டான்.

"அக்கா, குழையைத் தூக்கினது நான்."

"ஏன்?"

"கணவாய் கிடக்கோ எண்டு பாக்க."

சின்னராசா வாயைப் பிளந்தார். "வாய்க்காலுக்கையோ? துருசடியில திமிங்கிலம் ஒண்டு கிடக்கு, அதையும் ஒருக்கால் பாத்திட்டுப் போம் தம்பி!"

தவமணி சிரிக்கவில்லை. யூட் சட்டைப்பையில் கை விட்டான்.

"காசு வயலுக்குப் பாயாது தம்பி" என்றாள்.

சின்னராசா வெடித்த நிலத்தைப் பார்த்தார். "சரி பிள்ளை. இண்டைக்கு என்ர முறையில பாதியை நீ எடு. வாற முறையில உன்ர பாதியை எனக்கு விடவேணும்."

"அப்பதானே அண்ணை கதிர் வாற நேரம்."

"எனக்கும் அப்பதானே கதிர் வரும்."

அவள் தலையாட்டினாள்.

சின்னராசாவின் மடையை நாங்கள் மூவரும் சேறு அள்ளி அடைத்தோம், அவளுடையதை வெட்டித் திறந்தோம். நனைந்த வலையைவிட அந்தச் சேறு பாரம். தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கி இறங்கி, கடைசி மூலையைத் தொட நாலு மணி. சட்டியிலிருந்த கஞ்சியைத் தவமணி எங்களுக்கும் வார்த்தாள்.

அடம்பனுக்கு இழுத்து இழுத்து நடந்து, கடைசி பஸ்ஸைப் பிடித்தோம். இவர் என் தோளில் சாய்ந்து நித்திரை.

"அண்ணி, அவ என்னை ஒரு சொல்லும் ஏசேல்லயே" என்றான் யூட்.

"ஓம்" என்றேன்.

எங்கள் கரையில் ஒருவன் வலையை மற்றவன் கிழித்தால், கிழித்தவன்தான் வலை கொடுப்பான். இங்கே குழையைத் தூக்கியவர்கள் நாங்கள் கால் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். சின்னராசாவுக்குத் தவமணி இன்னும் அரை முறைத் தண்ணீர் கடன்.